ஒளிந்திருக்கும் 'டூ'

உட்காருங்கள், டீ சொல்லியாயிற்று. அது வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில இலக்கணம் என்றதும் 12 கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணை உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இன்றைக்கு அதை எடுக்கவே போவதில்லை.

மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை என்று கரும்பலகை நிறைய எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னதில் ஆங்கிலத்தின் மேல் இருந்த ஆசையே விட்டுப்போனவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தொடங்குகிறவருக்கு அது சுமை. தொடங்குகிறவருக்கு வேண்டியவை இரண்டுதான். வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே நிற்கும் என்பது ஒன்று. கேள்வியும் மறுப்பும் எப்படி உண்டாகின்றன என்பது இன்னொன்று. இவை பிடிபட்டுவிட்டால் பேச ஆரம்பித்துவிடலாம், மற்றவை பேசப் பேச வந்து சேரும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இடம். "ராமு மாலாவைக் கூப்பிட்டான்" என்று சொல்லிப்பாருங்கள். இப்போது "மாலாவை ராமு கூப்பிட்டான்" என்று மாற்றுங்கள். அவசரத்தில் "கூப்பிட்டான் ராமு, மாலாவை" என்றுகூடச் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் கூப்பிட்டவன் ராமுதான். மாலாவோடு ஒட்டியிருக்கும் அந்த 'ஐ', இரண்டாம் வேற்றுமை உருபு, அவள் எங்கே போய் உட்கார்ந்தாலும் அவளை அடையாளம் காட்டிவிடுகிறது.

ஆங்கிலத்தில் "ராமு கால்டு மாலா." பெயர்களை இடம் மாற்றினால் "மாலா கால்டு ராமு." அர்த்தமே தலைகீழ். இப்போது கூப்பிட்டவள் மாலா. எந்தப் பெயரிலும் உருபு இல்லை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர். வினைக்குப் பின்னால் நிற்பவர் அதற்கு ஆளானவர். தமிழில் உருபு செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1,000 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன, சொற்களைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றியும் பேச முடிந்தது. சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொல்லும் பழக்கத்தில் கடைசி அசைகள் மெல்ல மெல்லத் தேய்ந்தன. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய ஸ்கான்டிநேவியர்களின் மொழியில் சொற்கள் ஏறக்குறைய ஒன்றாகவும் விகுதிகள் வேறாகவும் இருந்தன. இரு தரப்பும் கலந்து பேசியதில் விகுதிகள் இன்னும் மங்கின. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் நாட்டைப் பிடித்தபின் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு போனது. ஆங்கிலம் நெடுங்காலம் வீட்டிலும் வயலிலும் பேசும் மொழியாக, கட்டுப்படுத்த ஆளில்லாமல் மாறிக்கொண்டே இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதியபோது பெயர்களின் வேற்றுமை விகுதிகள் பெரும்பாலும் போய்விட்டன. விகுதி போன பின் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைக் காட்ட வேறு வழி வேண்டுமே? இடம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

பழைய சொத்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஐ, மீ. ஹி, ஹிம். ஷி, ஹர். தே, தெம். நான், என்னை என்பது போன்ற ஜோடிகள் இவை. "ஹி கால்டு மீ" என்பதில் 'மீ'யைப் பார்த்ததும் அது 'என்னை' என்று தெரிந்துவிடும். ஆனாலும் அது வினைக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

இடத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதால் வினைக்கு முன்னால் உள்ள இடத்தைப் பொதுவாகக் காலியாக விட முடியாது. தமிழில் "வந்தேன்" என்றால் போதும், அந்த 'ஏன்' என்ற விகுதியே 'நான்' என்பதைச் சொல்லிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஆங்கிலத்தில் "கேம்" என்றால் வந்தது நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. "ஐ கேம்" என்றே சொல்லவேண்டும். ஆளே இல்லாத வாக்கியத்துக்கும் ஓர் ஆளை நிறுத்துவார்கள். மழை பெய்தால் "இட் இஸ் ரெய்னிங்". மணி மூன்று என்றால் "இட் இஸ் த்ரீ ஓ கிளாக்". இங்கே 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள், எதையும் குறிக்கவில்லை. அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக நிற்கிறது.

இதே காரணத்தால் நம்முடைய 'எனக்கு' வாக்கியங்களும் அங்கே போனதும் உருமாறுகின்றன. எனக்குத் தெரியும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். மூன்றிலும் நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம், தெரிவதும் பசிப்பதும் நமக்கு நேர்கின்றன. ஆங்கிலத்தில் மூன்றிலும் 'ஐ' முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "ஐ நோ." "ஐ ஆம் ஹங்கிரி." "ஐ ஹேவ் எ சிஸ்டர்." 'எனக்கு' என்று வாய் தொடங்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் 'ஐ' என்று தொடங்கிப்பாருங்கள், பத்தில் எட்டு முறை சரியாக வரும்.

உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது நம் வழக்கம். அவர்களுக்கு அது தனிச் சொல்லாகி முன்னால் வரும். சென்னையில் என்றால் "இன் சென்னை". சென்னைக்கு என்றால் "டு சென்னை". சென்னையிலிருந்து என்றால் "ஃப்ரம் சென்னை". இப்போது ஒரு நீளமான வாக்கியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"நான் நேற்று பஸ்ஸில் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தேன்."

"ஐ கேம் டு மதுரை ஃப்ரம் சென்னை பை பஸ் எஸ்டர்டே."

'நான்' முதலில் நிற்பது இரண்டுக்கும் பொது. அதற்கப்புறம் தமிழை வால் பக்கத்திலிருந்து படித்தால் ஆங்கிலம் கிடைக்கிறது: வந்தேன், மதுரைக்கு, சென்னையிலிருந்து, பஸ்ஸில், நேற்று. எல்லா வாக்கியமும் இவ்வளவு துல்லியமாகக் கவிழ்ந்து விழாது. 'எஸ்டர்டே'யை முன்னாலும் போடலாம். ஆனால் வினை மட்டும் காத்திருக்காது. பேசும்போது திணறுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுகிறார்கள். எங்கே, எப்போது, எதில் என்று எல்லாவற்றையும் மனதில் அடுக்கி வினையைக் கடைசியில் சொல்லும் பழக்கம் நமக்கு. ஆங்கிலத்தில் 'யார், என்ன செய்தார்' இரண்டையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடவேண்டும். "ஐ கேம்..." என்று சொல்லிவிட்டு நிதானமாக யோசியுங்கள். மீதியை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகலாம், கேட்கிறவர் காத்திருப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் முடியும். "அவர் டாக்டர்." "இது என் வீடு." ஆங்கிலத்தில் வினை இல்லாத வாக்கியம் கிடையாது. அதனால் "ஹி இஸ் எ டாக்டர்", "திஸ் இஸ் மை ஹவுஸ்". ஆம், இஸ், ஆர், அவற்றின் இறந்தகாலமான வாஸ், வேர் ஆகிய ஐந்தும் இந்த இடத்தில் உட்காரத்தான் முதலில் தேவைப்படும். "ஹி டாக்டர்" என்று சொன்னாலும் புரியும். ஆனால் வினை விட்டுப்போனது ஆங்கிலக் காதுக்குப் பளிச்சென்று தெரியும்.

இதோ டீ. எடுத்துக்கொள்ளுங்கள். இதை வைத்தே அடுத்ததைப் பேசுவோம், இன்றைக்குப் பேசவேண்டியதில் முக்கியமானது இதுதான்.

"ஐ டிரிங்க் டீ." நான் டீ குடிப்பேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. இதைக் கேள்வியாக்கவேண்டும். தமிழில் கடைசியில் ஓர் 'ஆ' போட்டால் முடிந்தது: "நீங்கள் டீ குடிப்பீர்களா?" அந்த 'ஆ'வுக்கு எவ்வளவு சுதந்திரம் பாருங்கள். "நீங்களா குடித்தீர்கள்?", "டீயா குடித்தீர்கள்?", "நேற்றா குடித்தீர்கள்?" என்று எந்தச் சொல்லில் சந்தேகமோ அதன் தோளில் ஏறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இப்படி ஓர் 'ஆ' இல்லை. கேள்வி என்பதை இடத்தை வைத்துத்தான் காட்டவேண்டும், அதுவும் முதல் சொல்லிலேயே. "டூ யூ டிரிங்க் டீ?"

இந்த 'டூ' எங்கிருந்து வந்தது? கேள்விக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் அடுத்தடுத்த விதிகள் எல்லாம் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டிய சுமையாகிவிடும். நான் சொல்லித்தரும் வழி வேறு. 'டூ' அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒளிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐ டிரிங்க் டீ" என்பதற்குள் "ஐ டூ டிரிங்க் டீ" இருக்கிறது. சாதாரணமாகச் சொல்லும்போது 'டூ' தலைகாட்டாது. கேள்வி கேட்டால் வெளியே வந்து முன்னால் நிற்கும். மறுத்தால் வெளியே வந்து 'நாட்' என்பதைப் பிடித்துக்கொள்ளும்: "ஐ டூ நாட் டிரிங்க் டீ."

இது வெறும் கற்பனையும் அல்ல. ஷேக்ஸ்பியர் எழுதிய காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், இந்த 'டூ'வைப் போட்டும் பேசினார்கள், போடாமலும் பேசினார்கள். கேள்வியில் "நோ யூ?" என்பதும் உண்டு, "டூ யூ நோ?" என்பதும் உண்டு. சாதாரண வாக்கியத்திலேயே எந்த அழுத்தமும் இல்லாமல் 'டூ' வந்துபோகும். பிறகு கேள்வியிலும் மறுப்பிலும் அது கட்டாயமானது, சாதாரண வாக்கியத்திலிருந்து மறைந்தது.

அடுத்ததைக் கவனமாகப் பாருங்கள். "ஷி டிரிங்க்ஸ் டீ." அவள் டீ குடிப்பாள். கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கிறதே, அது யாருடையது? 'டிரிங்க்' உடையது அல்ல. உள்ளே ஒளிந்திருப்பது இப்போது 'டூ' அல்ல, 'டஸ்'. அந்த 'டஸ்'ஸின் வால்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கேள்வி கேளுங்கள், 'டஸ்' முழுதாக வெளியே வந்துவிடும், வாலும் அதோடு போய்விடும். "டஸ் ஷி டிரிங்க் டீ?" வினையில் 'ஸ்' மிஞ்சவில்லை. "டஸ் ஷி டிரிங்க்ஸ்" என்றால் ஒரே 'ஸ்'ஸை இரண்டு இடத்தில் வைத்தது போலாகும்.

இறந்தகாலத்திலும் இதே கதை. "ஷி டிராங்க் டீ." உள்ளே இருப்பது 'டிட்'. இறந்தகாலம் முழுவதையும் அதுதான் சுமக்கிறது. அது வெளியே வந்ததும் காலத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும், வினை வெறும் 'டிரிங்க்' ஆகிவிடும். "டிட் ஷி டிரிங்க் டீ?" "ஷி டிட் நாட் டிரிங்க் டீ."

"டிட் நாட் டிராங்க்", "டிட் நாட் வென்ட்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்களை ஆசிரியர்கள் நூறு முறை திருத்தியிருப்பார்கள். ஏன் என்று தமிழை வைத்துச் சொன்னால் ஒரு முறையில் புரியும். "குடித்தேன்" என்பதை மறுத்துச் சொல்லுங்கள். "குடிக்கவில்லை." குடித்தேனில் இருந்த இறந்தகாலம் எங்கே? நான் என்று காட்டிய 'ஏன்' எங்கே? இரண்டும் கழன்றுவிட்டன. 'குடிக்க' என்ற வெறும் எச்சம் நிற்கிறது, மறுப்பை 'இல்லை' பார்த்துக்கொள்கிறது. நான் குடிக்கவில்லை, அவள் குடிக்கவில்லை, அவர்கள் குடிக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே வடிவம். "குடித்தேன்வில்லை" என்று தமிழ்க் குழந்தை எதுவும் சொல்வதில்லை. "டிட் நாட் டிராங்க்" என்பது ஆங்கிலக் காதில் அப்படித்தான் விழும்.

தமிழில் இன்னும் ஓர் உதவி இருக்கிறது. கல்யாணத்துக்கு நீங்கள் வரவே இல்லை என்று யாரோ சாதிக்கிறார்கள். என்ன சொல்வீர்கள்? "வரத்தான் செய்தேன்!" அந்தச் 'செய்தேன்' என்ன செய்கிறது? வருவதைத் தவிர நீங்கள் வேறெதையும் செய்யவில்லை. அழுத்திச் சொல்ல 'வர' என்ற எச்சத்துக்குப் பக்கத்தில் 'செய்' என்ற வினை வந்து நின்று காலத்தையும் ஆளையும் சுமக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் "ஐ டிட் கம்!" 'டூ' என்றாலும் செய்தல்தான். ஒளிந்திருந்த 'டிட்' கேள்வியும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் இங்கே வெளியே வந்து நிற்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் இந்த ஓர் இடத்தில் ஒரே யுக்தியைக் கையாள்கின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

'டூ'வைப் போல முன்னால் வரக்கூடிய ஒரு துணைவினை ஏற்கெனவே வெளியே நின்றுகொண்டிருந்தால் 'டூ' வேண்டாம். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், கேன், வில் இவையெல்லாம் தாங்களே முன்னால் வந்து நிற்கும். "ஷி இஸ் எ நர்ஸ்" என்பது "இஸ் ஷி எ நர்ஸ்?" ஆகும். "யூ கேன் கம் டுமாரோ" என்பது "கேன் யூ கம் டுமாரோ?" ஆகும். "டூ யூ கேன்" என்று இரண்டையும் சேர்க்கவேண்டாம். எங்கே, எப்போது, ஏன் போன்ற கேள்விச் சொல் இருந்தால் அது எல்லாருக்கும் முன்னால், துணைவினை அதன் பின்னால்: "வேர் டூ யூ லிவ்?", "வாட் டிட் யூ ஈட்?" நம் தெருக்களில் அடிக்கடி காதில் விழும் "வேர் யூ ஆர் கோயிங்?" என்பதில் 'ஆர்' நகர மறந்திருக்கிறது. "வேர் ஆர் யூ கோயிங்?" என்று அதை ஓர் இடம் முன்னால் தள்ளினால் சரி. கேள்விச் சொல்லே செய்தவரின் இடத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் எதுவும் நகராது: "ஹூ கேம்?", யார் வந்தது?

மறுப்புக் கேள்விக்குப் பதில் சொல்வதையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது, இதில் ஆபத்து உண்டு. "நீங்கள் சாப்பிடவில்லையா?" என்றால் நாம் "ஆமாம், சாப்பிடவில்லை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'எஸ்'ஸும் 'நோ'வும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. சாப்பிடவில்லை என்றால், கேள்வி எப்படி வந்தாலும், "நோ, ஐ டிட் நாட்." வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் "யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜிஸ்?" என்று கேட்கிறார். உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை. 'ஆமாம், இல்லை' என்ற நினைப்பில் "எஸ்" என்று மட்டும் சொன்னால், ஒவ்வாமை இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். இந்த மாதிரி நேரத்தில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் "நோ, ஐ டோன்ட்" என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

ஆட்களில் 'ஷி', 'ஹி', 'இட்' மூன்றுக்கும் மட்டும் ஏன் 'டிரிங்க்ஸ்' என்பதில் பார்த்த அந்த 'ஸ்' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் ஆங்கில வினையும் நம் வினையைப் போல ஆளுக்கு ஏற்ப வால் மாற்றியது. நிகழ்காலத்தில் தேயாமல் தங்கியது இந்த ஒரு 'ஸ்'தான். போனேன், போனாய், போனான், போனாள், போனது, போனார்கள் என்று நாம் சொல்லும் அத்தனைக்கும் அவர்களுக்கு ஒரே 'வென்ட்'. கற்கிறவருக்கு இது பெரிய சலுகை.

'யூ' பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவரைப் பார்த்து 'யூ' என்று சொல்லக் கூசுகிறவர்கள் நம்மில் நிறைய. பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்குத் தனிச் சொல் இருந்தது, 'தௌ' என்பது அது. 'யூ' பன்மையில் வழங்கியது, பிறகு மரியாதைக்காக ஒருவரையும் அப்படி அழைத்தார்கள், நாம் 'நீங்கள்' என்பது போல. 17-ஆம் நூற்றாண்டில் 'தௌ' பொதுப் பேச்சிலிருந்து விலகிப்போனது. ஒரே ஆளைச் சொன்னாலும் "யூ ஆர்" என்று பன்மை வினை வருவது அதனால்தான். நீங்கள் தயங்கிச் சொல்வது மரியாதைச் சொல்லைத்தான், கூச்சப்படவேண்டாம்.

காலத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். "நான் டீ குடிக்கிறேன்" என்று தமிழில் சொன்னால் அது இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்தும். தினமும் குடிக்கிறேன், இதோ இப்போது குடிக்கிறேன். ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். வழக்கம் என்றால் "ஐ டிரிங்க் டீ". இப்போது கையில் டம்ளர் இருந்தால் "ஐ ஆம் டிரிங்கிங் டீ". டாக்டர் "டூ யூ ஸ்மோக்?" என்று கேட்டால் அவர் கேட்பது உங்கள் பழக்கத்தை. அந்த நிமிடம் கையில் சிகரெட் இல்லை என்பது அதற்குப் பதில் ஆகாது. 'இங்' சேர்த்தால் பெரிய ஆங்கிலம் என்று எண்ணி எல்லாவற்றிலும் சேர்க்கிறவர்கள் உண்டு. "ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் எவ்ரி டே" என்பதில் 'எவ்ரி டே' வந்துவிட்டதால் "ஐ கோ" போதும். தெரியும், வேண்டும், உடைமையாக இருக்கிறது என்ற பொருளில் வரும் நோ, வாண்ட், ஹேவ் மூன்றிலும் பொதுவாக 'இங்' சேர்ப்பதில்லை. "ஐ ஹேவ் எ பிரதர்", அவ்வளவுதான்.

இன்னொரு வழுக்கல் இருக்கிறது. "பால்காரர் காலையில் வருவார்" என்று வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதை அப்படியே 'வில் கம்' ஆக்கினால் கேட்கிறவர் நாளைக்காலை என்று நினைத்துக்கொள்ளலாம். தினமும் நடப்பதற்கு "ஹி கம்ஸ் இன் தி மார்னிங்".

'எ', 'தி' இரண்டும் தமிழருக்கு என்றைக்கும் வராது என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன், ஏனென்றால் அந்த வித்தியாசம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்கிறீர்கள். "புத்தகத்தை வாங்கினேன்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? முதலில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில், நாம் பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம், கேட்கிறவருக்கும் எது என்று தெரியும். முதலாவது "ஐ பாட் எ புக்". இரண்டாவது "ஐ பாட் தி புக்". பொருள்களுக்கு 'ஐ' உருபு போடத் தோன்றும் இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும், உருபு இல்லாமலே சொல்லத் தோன்றும் இடத்தில் 'எ' வரும். ஆட்களுக்கு 'ஐ' பெரும்பாலும் வந்துவிடுவதால் இந்தச் சோதனை அங்கே செல்லாது. வாக்கியத்தின் மற்ற இடங்களுக்கும் இது முழு விடை அல்ல. ஆனாலும் கேட்கிறவருக்கு எது என்று தெரியுமா, தெரியாதா என்ற கேள்வியை உங்கள் மனம் தமிழில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதையே கேளுங்கள். 'எ'யா 'ஆன்'னா என்பதைக் காது முடிவு செய்யட்டும், எழுத்தைப் பார்க்கவேண்டாம். "ஆன் ஹவர்", ஏனெனில் அங்கே 'ஹ' ஒலிப்பதே இல்லை. "எ யுனிவர்சிட்டி", ஏனெனில் அது 'யு' என்று தொடங்குகிறது.

இனி வீட்டில் செய்யவேண்டியது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமையுங்கள், பாடப்புத்தகத்திலிருந்து வேண்டாம். தையல் கடை வைத்திருப்பவர் துணி தைப்பதைப் பற்றியும், ஆட்டோ ஓட்டுபவர் ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றியும் சொல்லட்டும். அதைக் கேள்வியாக்குங்கள், மறுத்துச் சொல்லுங்கள், ஆளை 'ஷி' ஆக்குங்கள், இறந்தகாலத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் கேளுங்கள், மறுபடியும் மறுங்கள். வாய்விட்டுச் சொல்லவேண்டும். எழுதிப் பார்ப்பது அப்புறம்.

முதல் வாரத்துக்கு 'கோ' எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகள்தான் இறந்தகாலத்தில் ஒழுங்கில்லாமல் மாறுகின்றன, அவற்றிலும் 'கோ' தனி ரகம். 'வென்ட்' என்பது அதன் சொந்த இறந்தகாலமே அல்ல. போதல் என்ற பொருளுடைய 'வெண்ட்' என்ற வேறொரு வினையிலிருந்து, 'செண்ட்'டிலிருந்து 'சென்ட்' வந்தது போல உண்டாகி, காலப்போக்கில் 'கோ'வோடு சேர்ந்துகொண்டது. இரண்டும் ஓர் எழுத்தில்கூட ஒட்டாததால், 'டிட்' வெளியே வரும்போது வினைக்கு என்ன ஆகிறது என்பது வேறெதிலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. சொல்லிப்பாருங்கள்: "ஐ வென்ட் டு தி ஸ்டேஷன்." "டிட் யூ கோ டு தி ஸ்டேஷன்?" "நோ, ஐ டிட் நாட் கோ."